கறை இல்லை என்று ஒரு புகார்

தெளிவாக எழுதுவது ஆபத்தான காரியம். குழப்பமாக எழுதினால் ஒரு தொல்லையும் கிடையாது. படிப்பவன் தன் புத்தியைத்தான் சந்தேகப்படுவானே தவிர, எழுதியவனைத் தேடி வரமாட்டான். தெளிவாக எழுதிப் பாருங்கள். நாற்பது பேர் விமானம் ஏறி, சென்னையில் இறங்கி, பஸ் பிடித்துத் திருவண்ணாமலைக்கு வந்து, "நீ எழுதியிருந்தாயே, அது எங்கே?" என்று கேட்பார்கள்.

என்னிடம் கேட்டார்கள்.

இரண்டாயிரம் பிறந்து இரண்டு மூன்று வருஷம் ஆகியிருந்த நேரம். நான் பி.எஸ்ஸி. வேதியியல் முடித்திருந்தேன். எங்கள் வம்சத்தில் மற்றவர்கள் எல்லாரும் பள்ளிக்கூடத்தின் பின்பக்கச் சுவரை மட்டும் பார்த்தவர்கள் (அப்பா அந்தச் சுவரை ஒட்டி ஆடு மேய்த்தவர்). முன்வாசல் வழியாக உள்ளே போய்ப் பட்டத்தோடு வெளியே வந்த முதல் ஆள் நான்தான். அதனால் எங்கள் ஊரான அடி அண்ணாமலையில் எழுத்து என்று எதைப் பார்த்தாலும் என்னிடம் கொண்டுவந்து நீட்டுவார்கள். மருந்து பாட்டில், மின்சார பில், கல்யாணப் பத்திரிகை. ஒருமுறை எந்த நாட்டு எழுத்து என்றே தெரியாத ஓர் உரமூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். (படிச்சேன். "நல்ல உரம்னு போட்டிருக்கு"ன்னேன். வேற என்ன போட்டிருக்கப் போறான்?)

இப்படிப்பட்ட அறிவாளிக்கு டவுனில் ஜமால் பாயின் பஞ்சு மெத்தைக் கடையில் வேலை கிடைத்தது. பாய் குடும்பம் அந்த ஊரில் மூன்று தலைமுறையாக மெத்தை தைக்கிற குடும்பம். செங்கம் ரோட்டுப் பக்கம் ஆசிரமங்களில் தங்குகிற வெளிநாட்டுக்காரர்கள், கால் மடக்கி உட்கார்ந்து தியானம் செய்ய வட்டமான திண்டு கேட்டு வருவார்கள். பாய் இலவம்பஞ்சு அடைத்துத் தைத்துக் கொடுப்பார். அப்படி வந்த ஒருவர், ஊருக்குத் திரும்பும் முன் நன்றிக்கடனாக ஒரு வலைத்தளம் ஆரம்பித்துக் கொடுத்துவிட்டார். இனி உலகத்தில் எங்கிருந்து வேண்டுமானாலும் பாயின் திண்டை வாங்கலாம். திண்டைப் பற்றி யாராவது ஆங்கிலத்தில் எழுதிப் போட வேண்டியதுதான் பாக்கி.

"இங்கிலீஷ் தெரியுமா தம்பி?" என்று கேட்டார் பாய்.

"தெரியும் பாய்."

(எழுதத் தெரியும். யாராவது பேசினாத்தான் தெரியாது.)

கம்ப்யூட்டரைப் பஞ்சு மூட்டைகளுக்கு நடுவில் வைத்திருந்தார்கள். அதற்கு பாய் தன் கையால் ஓர் உறை தைத்துப் போட்டிருந்ததால், தூரத்திலிருந்து பார்த்தால் யாரோ குத்துக்காலிட்டுத் தூங்குவதுபோல இருக்கும். தினமும் காலையில் முதல் வேலை, கீபோர்டில் விழுந்த பஞ்சை ஊதுவது. ஊதினால் பஞ்சு மூக்கில் ஏறும். தும்மினால் திரும்பக் கீபோர்டுக்கே வரும்.

ஊரில் அப்பா எல்லாரிடமும் சொல்லிவிட்டார். "பையன் கம்ப்யூட்டர்ல கடை பாத்துக்கறான்."

"எந்தத் தெருவுல?"

"தெருவுல இல்லய்யா, கம்ப்யூட்டர்ல."

"அப்ப வாடக இல்ல. கெட்டிக்காரன்தான்."

வலைத்தளம் ஆரம்பித்துக் கொடுத்தவர் ஒரு தாளில் எனக்குச் சில விதிகள் எழுதி வைத்துவிட்டுப் போயிருந்தார். பொருளைப் பார்க்காதவனுக்கு அது கண்ணில் தெரியவேண்டும். அளவைச் சொல். படத்தில் இருப்பதெல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். எழுத்தில் இருப்பதெல்லாம் பார்சலில் இருக்க வேண்டும். எதையும் மறைக்காதே. அவ்வளவுதான். இன்றைக்கு யோசித்தால் அருமையான விதிகள். அன்றைக்கு அதை நான் பரீட்சைக்குப் படிக்கிற மாதிரிப் படித்தேன். அதாவது, முதல் பாதியை மனப்பாடம் செய்துவிட்டு மறுபாதியை 'வராது' என்று விட்டுவிட்டேன்.

எனக்குத் தெரிந்த ஒரே எழுத்து பரீட்சைக் கட்டுரை. முன்னுரை, பொருளுரை, முடிவுரை. என் முதல் விளம்பர வாசகத்தைத் தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்: 'மனித வாழ்வில் உட்காருதல் இன்றியமையாதது. ஆதிமனிதன் பாறையில் உட்கார்ந்தான். நாகரிகம் வளர வளர அவன் திண்டைக் கண்டுபிடித்தான். திண்டின் பயன்கள் எண்ணற்றவை. ஆகவே நாம் அனைவரும் திண்டைப் பேணிக் காப்போமாக.'

பாய்க்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"நல்லாத்தான் தம்பி இருக்குது. வெல எங்க?"

விலையை மறந்திருந்தேன். சேர்த்தேன். அளவு? பாய் எல்லாவற்றையும் சாணில் அளப்பவர். அப்படியே 'அகலம் ஒன்றரைச் சாண்' என்று ஆங்கிலத்தில் பொறுப்பாக எழுதிப் போட்டேன். எங்கிருந்தோ ஒரே ஒரு கடிதம் வந்தது: "யாருடைய கை?" நானும் நேர்மையாக, "உரிமையாளருடையது" என்று பதில் போட்டேன். அதற்குப் பிறகு அந்த மனிதர் எழுதவில்லை.

யாருமே எழுதவில்லை. மழை வந்தது, போனது, ஒரு திண்டுகூட விற்கவில்லை. ஒருநாள் பாய் பஞ்சை உதறியபடியே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"தம்பி, பொங்கலுக்குள்ள ஒரே ஒரு ஆர்டரு வரட்டும். வரலேன்னா கம்ப்யூட்டர குடுத்துட்டு, பஞ்சடிக்கிற மெஷினு ஒண்ணு வாங்கிடலாம்னு இருக்கேன். நீ கோச்சுக்காத. உன் படிப்புக்கு வேற எடம் கெடைக்கும்."

வேறு இடம் எது என்று எனக்குத் தெரியும். கீழ்பென்னாத்தூரில் அப்பாவுக்குப் பழக்கமான மல்லாட்டை மண்டி, வேர்க்கடலை வியாபாரம். அங்கே மூட்டை பிடிக்க ஆள் தேவை. அப்பா வாயைத் திறந்து எதுவும் சொல்லமாட்டார். ஆனால் கம்ப்யூட்டரில் கடை பார்க்கிற பையன் மூட்டை பிடிக்கப் போனான் என்று ஊர் சொன்னால், அவர் டீக்கடைப் பக்கம் போவதை நிறுத்திவிடுவார். ஒரு மனிதரின் டீ என் எழுத்தில் தொங்கியது.

படம் இல்லாததுதான் கோளாறு என்று கண்டுபிடித்தேன். ஆசிரமப் பக்கம் தங்கியிருந்த ஒருவரிடம் டிஜிட்டல் கேமரா இருந்தது. மத்தியானம் பாண்டிச்சேரி பஸ் ஏறுகிறவரைக்கும் வைத்துக்கொள் என்று கொடுத்தார். கடைக்குள் இருட்டு, பஞ்சுத் தூசி. எங்கள் வீட்டுச் சுவருக்கு அப்போதுதான் சுண்ணாம்பு அடித்திருந்தோம். வெயில் நன்றாக விழும். "மலையும் தெரியற மாதிரி எடு" என்றார் பாய். கலருக்கு ஒன்றாகத் திண்டுகளைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அம்மா வாசலுக்கு வந்தார்.

"இன்னாடா இது, இத்தன தலகாணி?"

"போட்டோ எடுக்கணும்மா. கம்ப்யூட்டர்ல போட்டா ஒலகம் பூரா பாக்கும்."

"ஒலகம் பூராவா?"

"ஆமா."

"அமெரிக்காவுலகூடவா?"

"அமெரிக்கா, ஜெர்மனி, ஜப்பான், எல்லாரும்."

அம்மா திண்டுகளைப் பார்த்தார். பளபளவென்று, புதுத்துணியில், வெள்ளைச் சுவரோரம் வரிசையாக உட்கார்ந்திருந்தன. உள்ளே போனார். நான் கேமராவில் எந்தப் பொத்தானை அமுக்குவது என்று புரியாமல் என் மூக்கை நானே ஐந்தாறு படம் எடுத்துக்கொண்டிருந்தேன். அம்மா திரும்பி வந்து திண்டுகள் பக்கம் குனிந்து ஏதோ செய்துவிட்டுப் போனதை ஓரக்கண்ணால் பார்த்தேன். தூசி தட்டுகிறார் என்று நினைத்தேன். அந்தக் கேமராவின் திரை ஒரு தீப்பெட்டி அளவு. அதில் மலையே கடுகாகத் தெரிந்தது. கடுகு எப்படித் தெரியும்?

படங்களைக் கடையில் இறக்கிக் கொடுத்துவிட்டு, கேமராக்காரர் பாண்டிச்சேரிக்குப் போய்விட்டார். அப்புறம்தான் பெரிய திரையில் பார்த்தேன். ஒவ்வொரு திண்டின் மேலும் வலதுபக்கமாக ஒரு கறுப்புப் பொட்டு. கைக்குழந்தையின் கன்னத்தில் வைப்பதுபோல, கச்சிதமாக.

வீட்டுக்குப் போய் அம்மாவிடம் கேட்டேன்.

"பின்ன? நம்ம தெருவுல நாலு பேரு பாத்தாலே கொழந்த பால் குடிக்க மாட்டேங்குது. ஒலகம் பூரா பாக்கப் போவுதுன்ற. தலகாணி தாங்குமா?"

வேதியியலில் அதற்குப் பாடம் இல்லை.

வேறு கேமராவும் இல்லை. இரண்டு நாள் குழம்பினேன். பிறகு விதித்தாளை எடுத்துப் பார்த்தேன். 'படத்தில் இருப்பதெல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். எதையும் மறைக்காதே.' அவ்வளவுதானே! அகராதியைப் புரட்டி, என் வாழ்நாளிலேயே மிகத் தெளிவான வாசகத்தை எழுதினேன்: 'வட்டத் திண்டு. இலவம்பஞ்சு அடைத்தது. மேல்புறம் வலதுபக்கம் கறுப்புப் பொட்டு ஒன்று. என் தாயாரின் கையால் வைக்கப்பட்டது. பிறர் கண்கள் உண்டாக்கும் கெடுதலிலிருந்து உபயோகிப்பவரைக் காக்கும்.'

முன்னுரை இல்லை, முடிவுரை இல்லை, ஆதிமனிதன் இல்லை. எனக்கே வருத்தமாக இருந்தது.

கார்த்திகை தீபம் முடிந்த வாரம் ஆர்டர் வந்தது. ஒன்றில்லை, நாற்பது. ஹெல்கா என்று ஓர் அம்மாள். மார்கழியில் நாற்பது பேரைத் தியானத்துக்கு அழைத்துக்கொண்டு இங்கேயே வருகிறாராம். செங்கம் ரோட்டில் ஒரு ஹால் பேசியிருக்கிறாராம். திண்டுகளை நேராக அங்கேயே இறக்கிவிட வேண்டும். பணம் அங்கேயே கைக்கு வந்துவிடும். கடைசியில், 'நீங்கள் வர்ணித்தபடியே இருக்க வேண்டும்' என்று ஒரு வரி.

பாய் என்னைக் கட்டிப்பிடித்தார். என் சட்டை முழுக்கப் பஞ்சு. பக்கத்துக் கடைக்காரர்களுக்கெல்லாம் பிரியாணி வாங்கிக் கொடுத்தார். "எழுத்துன்னா இதாண்டா எழுத்து!" என்று அவர்களிடம் என்னைக் காட்டினார். அப்பா அன்றைக்கு டீக்கடையில் இரண்டு டீ குடித்ததாகக் கேள்வி.

'வர்ணித்தபடியே' என்ற வார்த்தை என்னை உறுத்தவில்லையா என்று கேட்பீர்கள். சத்தியமாக இல்லை. பொட்டு படத்துக்கு வைத்தது. படத்தைத்தானே உலகம் பார்க்கிறது? திண்டை ஹெல்கா அம்மாள் மட்டும்தானே பார்க்கப்போகிறார்? அவர் கண்ணு படுமா என்ன, வாங்குகிறவரே அவர்தானே? (இந்தத் தர்க்கத்தை இன்னிக்கும் என்னால உடைக்க முடியல.)

பாய் நாற்பது திண்டுகளையும் ராத்திரி பகல் பார்க்காமல் தைத்தார். அவருக்கு அழுக்கு என்றால் ஆகாது. வெற்றிலை போட்டவர்களைக் கடைப்படி ஏறவிடமாட்டார். திண்டுகளை இரண்டு படுதா போட்டுப் போர்த்தி, கல்யாணப் பெண்ணை அழைத்துப்போவதுபோல லோடு ஆட்டோவில் ஏற்றினார். போகிற வழியில் ஆட்டோக்காரர் சாலையோரம் எச்சில் துப்பியதற்கு அவரோடு ஒரு சண்டை.

ஹாலில் நாற்பது பேரும் காத்திருந்தார்கள். எல்லாரும் வெள்ளை ஜிப்பா, வெள்ளை பைஜாமா. சுண்ணாம்பு அடித்த எங்கள் சுவர் பக்கத்தில் நின்றால் பழுப்பாகத் தெரியும், அப்படி ஒரு வெள்ளை. அன்று அவர்களுக்கு மௌன நாள். தலைவி என்பதால் ஹெல்கா அம்மாள் மட்டும் தேவைக்குப் பேசுவாராம்.

ஹெல்கா அம்மாள் ஒரு திண்டை எடுத்தார். மேலே பார்த்தார். கீழே பார்த்தார். தட்டிப் பார்த்தார். வைத்துவிட்டு இன்னொன்றை எடுத்தார். பிறகு இன்னொன்று. பாய்க்கு வியர்த்துவிட்டது.

"என்னாவாம் தம்பி? நூலு பிரிஞ்சிருக்கா? பஞ்சு கம்மின்றாங்களா?"

ஹெல்கா அம்மாள் என்னிடம் ஏதோ சொன்னார். அவர் ஆங்கிலமும் என் ஆங்கிலமும் ஒன்றுக்கொன்று சொந்தமில்லை. மூன்று தடவை சொல்லச் சொல்லிக் கேட்டேன். புரிந்தபோது புரியாமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

"பாய், கறுப்புப் பொட்டு எங்கன்னு கேக்கறாங்க."

"என்னா பொட்டு?"

"திண்டு மேல ஒரு கறுப்புப் பொட்டு இருக்கும்னு நான் எழுதியிருந்தேன்."

"ஏன் எழுதுன?"

"போட்டோல இருந்துச்சு பாய்."

"போட்டோல ஏன் இருந்துச்சு?"

"அம்மா வெச்சாங்க. கண்ணு பட்டுடும்னு."

பாய் அப்படியே திண்டுகள் மேல் உட்காரப்போய், அழுக்காகிவிடும் என்று நினைவு வந்து, தரையில் உட்கார்ந்தார்.

"தம்பி, எங்க வாப்பா காலத்துலருந்து தைக்கறோம். கறை பட்டிருக்குன்னு திருப்பிக் குடுத்தவங்கள பாத்திருக்கேன். கறை இல்லேன்னு திருப்பிக் குடுக்கறவங்கள இன்னிக்கித்தான் பாக்கறேன்."

ஹெல்கா அம்மாள் கோபப்படவில்லை. அது இன்னும் மோசம். வருத்தப்பட்டார். இவர்களில் பலர் அந்தப் பொட்டுக்காகவே வரச் சம்மதித்தார்கள் என்றார். அங்கே ஒரு நெட்டையான மனிதரைக் காட்டி, அவர் வியாபாரம் பக்கத்து வீட்டுக்காரர் பார்வையால்தான் படுத்துவிட்டது என்றார். (கடல் தாண்டியும் பக்கத்து வீட்டுக்காரர்கள் இருக்காங்க பாருங்க.) நெட்டை மனிதர் மௌனமாகத் தலையாட்டினார். வெறும் திண்டு என்றால் எங்கள் ஊரிலேயே கிடைக்கும், மன்னித்துக்கொள்ளுங்கள், திருப்பி எடுத்துக்கொண்டு போங்கள் என்றார் ஹெல்கா அம்மாள்.

பாயின் முகத்தில் பஞ்சடிக்கிற மெஷின் தெரிந்தது. அதன் பின்னால் எனக்கு மல்லாட்டை மண்டி தெரிந்தது.

"ஒரு மணி நேரம் குடுங்க" என்றேன். லோடு ஆட்டோவிலேயே அடி அண்ணாமலைக்குப் பறந்தேன்.

"நாப்பதா?" என்றார் அம்மா. "எங்கிட்ட டப்பாவுல இருக்கற மை புருவத்துக்கே பத்தாது."

"ஏதாவது பண்ணும்மா. வேல போயிடும்."

அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். நேராகக் கொல்லைப்புறம் போனார். விறகடுப்பில் வெந்நீர் அண்டா. எத்தனையோ வருஷத்துக் கரி அதன் அடியில் தோலாக ஏறியிருந்தது. வெந்நீரைக் கவிழ்த்துவிட்டு, அரிவாள்மனையால் சுரண்டினார். கொட்டாங்குச்சியில் போட்டு, விளக்கெண்ணெய் விட்டு, விரலால் குழைத்தார். "எண்ணெ கொஞ்சம் ஜாஸ்தியா இருந்தாத்தான் நிக்கும்" என்று இன்னும் ஊற்றினார்.

இந்த இடத்தில் நான் என் பட்டத்தை நினைவூட்ட விரும்புகிறேன். பி.எஸ்ஸி. வேதியியல். கரி என்பது என்ன, எண்ணெய் என்பது என்ன, இரண்டும் சேர்ந்து பருத்தியில் பட்டால் என்ன ஆகும் என்றெல்லாம் மூன்று வருஷம் படித்தவன். கொட்டாங்குச்சி கவிழ்ந்துவிடாமல் பிடித்துக்கொள்வதுதான் அப்போது எனக்கு இருந்த ஒரே கவலை.

ஹாலுக்குள் அம்மா நுழைந்ததும் நாற்பது பேரும் எழுந்து கைகூப்பினார்கள். 'தாயாரின் கையால்' என்று நான் எழுதியிருந்தேன் அல்லவா? அந்தத் தாயார் நேரிலேயே வந்துவிட்டார். அம்மா கொஞ்சம் வெட்கப்பட்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, முதல் திண்டின் முன் உட்கார்ந்தார்.

"சின்னதா வைம்மா. போட்டோல சின்னதாத்தான் இருந்துச்சு."

"நீ சும்மா இர்றா. அங்கருந்து இங்க வரைக்கும் வந்திருக்காங்க. எத்தன பேரு கண்ணு பட்டிருக்கும்! சின்னப் பொட்டு தாங்குமா?"

ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு, மொத்தையாக, பளபளவென்று வைத்தார். பாய் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

"பாய், உங்க வூட்லயும் கொழந்தைக்கு வெப்பீங்கதான?" என்றார் அம்மா.

"வெப்போம்மா. நஜருன்னு வெப்போம். கொழந்தைய கழுவிடலாம், தலகாணிய கழுவ முடியாது" என்றார் பாய் சுவரைப் பார்த்து.

நெட்டை மனிதர் குனிந்து தன் கன்னத்தைக் காட்டினார். அம்மா அவருக்கும் ஒன்று வைத்தார். அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஹெல்கா அம்மாள் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். பணத்தை பாய் கையில் கொடுத்தார். மணி அடித்தது. நாற்பது பேரும் நாற்பது திண்டில் உட்கார்ந்து கண்ணை மூடினார்கள்.

நாங்கள் மூவரும் வெளியே எதிர்க்கடையில் டீ சொன்னோம். அவ்வளவு நிம்மதியாக நான் டீ குடித்ததே இல்லை. "உங்க பையன் நல்லா வருவான்" என்று பாய் அம்மாவிடம் சொன்னார். இந்த வாக்கியத்தைச் சொல்லி முடிக்கும்போதுதான் ஹாலின் கதவு திறந்தது.

தியானம் முடிந்து, மௌனமாக மலை சுற்றக் கிளம்பினார்கள். வெறுங்காலோடு, வரிசையாக, தலை குனிந்து, எங்களைத் தாண்டிப் போனார்கள். முன்னாலிருந்து பார்த்தபோது கோயில் புறாக் கூட்டம் மாதிரி இருந்தது.

தாண்டிய பிறகுதான் பின்பக்கம் தெரிந்தது.

பாயின் கையிலிருந்த டீ கிளாஸ் பாதியில் நின்றது. ஒவ்வொரு வெள்ளை பைஜாமாவிலும், உட்காரும் இடத்தில், வலதுபக்கமாக, ஒரு கறுப்புப் பொட்டு. உட்கார்ந்து நசுங்கியதால் ரூபாய் நாணயம் அப்பளம் அளவுக்கு விரிந்திருந்தது.

டீக்கடை மாஸ்டர் ஆற்றுகிற டீயை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

"பாய், இது இன்னா கட்சி?"

பூ விற்கிற அம்மாள், "வேண்டுதல் போல" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். நான் எழுந்து ஓடினேன். வரிசையின் முன்னால் போய் நின்று, கையை ஆட்டி, என் பின்பக்கத்தைத் தட்டிக் காட்டி, திரும்பிப் பார்க்கச் சொல்லி சைகை செய்தேன். வேறு எப்படிச் சொல்வது? அவர்களுக்கு மௌனம், எனக்கு ஆங்கிலம் வராது. அவர்கள் என்னை ஆழ்ந்து பார்த்துக் கைகூப்பினார்கள். இரண்டு பேர் என்னைப் போலவே தங்கள் பின்பக்கத்தைத் தட்டினார்கள். பிறகு நடந்தார்கள்.

ஒவ்வொருவரும் முன்னால் போகிறவரின் பொட்டைப் பார்த்துக்கொண்டேதான் நடந்திருக்கிறார்கள். இதுவும் முறையில் சேர்ந்தது என்று நினைத்திருக்கிறார்கள். பதினாலு கிலோமீட்டர். மலையைச் சுற்றி இருக்கிற அத்தனை கடைக்காரர்களும், சாமியார்களும், பஸ்ஸில் போனவர்களும் பார்த்திருக்கிறார்கள். அடி அண்ணாமலையில் டீக்கடையில் உட்கார்ந்திருந்த அப்பாவும் பார்த்திருக்கிறார். அவருக்கு விஷயம் தெரியாது. "எங்க வூட்டுப் பொட்டு மாதிரி இருக்குதே" என்று மட்டும் சொன்னாராம்.

அம்மா ஒருவர்தான் கலங்கவில்லை. "பின்னாடிலருந்துதான்டா கண்ணு படும். முன்னாடி பாத்தா நாமளே பாத்துக்கலாம். நல்லதுதான்" என்றபடி டீயைக் குடித்து முடித்தார்.

மறுநாள் மௌனம் கலைந்தது. ஹெல்கா அம்மாள் இரண்டு மூட்டைகளோடு கடைக்கு வந்தார். நாற்பது பைஜாமா. வந்த நாட்டிலிருந்து ஆளுக்கு ஒன்றிரண்டுதான் எடுத்து வந்திருந்தார்களாம். பாய் துணி வெளுக்கிறவரிடம் கொடுத்தார். அவர் இரண்டு நாள் வைத்திருந்து, "பைஜாமா போனாலும் போகும், பொட்டு போகாது பாய்" என்று திருப்பிக் கொடுத்தார்.

பாய் வியாபாரி. வாங்கின பணத்துக்குப் பதில் சொல்லியாக வேண்டும். கடையில் இருந்தது மெத்தைத் துணி. வெள்ளையில் நீலக் கோடு போட்டது, தடிமனானது. பாய்க்குத் தைக்கத் தெரிந்த ஒரே உருவம் உறை. இரண்டு நீளத் திண்டு உறைகளைச் சேர்த்துத் தைத்து மேலே நாடா கோத்தால் பைஜாமா. அப்படி நாற்பது தைத்தார். மீதி நாளெல்லாம் அந்த நாற்பது பேரும் நடக்கிற மெத்தைகள்போலத் திருவண்ணாமலையில் உலாவினார்கள். கறை தெரியவில்லை, குளிருக்கு அடக்கம் என்று அவர்களுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. வேறு வெளிநாட்டுக்காரர்களும் கடைக்கு வந்து அதையே கேட்டார்கள். எனக்கு எதுவும் புரியவில்லை. பாய்க்கும் புரியவில்லை. வந்தவர்களுக்குத் தைத்துக் கொடுத்தார்.

பொங்கலுக்கு முதல்நாள் நானே பாயிடம் போய் நின்றேன். "நான் வேற வேல பாத்துக்கறேன் பாய்."

"எங்க போவ?"

"கீழ்பென்னாத்தூர் மண்டிக்கு."

"நீ போயிட்டா, இத யாருகிட்ட சொல்லி சிரிப்பேன்? போய் பஞ்ச ஊதிட்டு உக்காரு. அந்தக் கோடு போட்ட பைஜாமாவ பத்தி எழுது." ஒரு நிமிஷம் யோசித்தார். "கடைசில, பொட்டு கெடையாதுன்னு தெளிவா போட்டுரு."

போட்டேன். எட்டு வருஷம் அந்தக் கடையில் எழுதினேன். மெத்தை, தலையணை, பைஜாமா, எதைப் பற்றி எழுதினாலும் கடைசி வரி அதுதான்: 'பொட்டு கிடையாது.' அது எங்கள் கடையின் உத்தரவாதம் என்று வாடிக்கையாளர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

என் கல்யாணத்துக்கு பாய் ஒரு திண்டு தைத்துக் கொண்டுவந்தார், மணவறையில் நான் உட்கார. அதன் ஓரத்தில் கறுப்பு நூலால் குட்டியாக ஒரு பொட்டு போட்டிருந்தார். "இது ஒட்டாது தம்பி, தைரியமா உக்காரு" என்றார். நானும் தைரியமாக உட்கார்ந்தேன். தாலி கட்டினேன். அக்கினியைச் சுற்ற எழுந்தேன். சுற்ற ஆரம்பித்ததும் பந்தலில் முதலில் ஒரு மூலையில் சிரிப்புக் கிளம்பியது, பிறகு எல்லா மூலையிலும். நூல் பொட்டுக்குச் சக்தி போதாது என்று, முகூர்த்தத்துக்குக் கொஞ்சம் முன்னால் அம்மா அதன் மேல் தன் பங்குக்குக் குழைத்து வைத்திருக்கிறார். எங்கள் கல்யாண ஆல்பத்தில் மாப்பிள்ளையைப் பின்னாலிருந்து எடுத்த படம் முழுப்பக்கத்துக்கு இருக்கிறது. போட்டோக்காரரை யாரும் எடுக்கச் சொல்லவில்லை. அவர் கேட்டு எடுக்கிற ரகமும் இல்லை.

இன்றைக்கும் நான் நல்ல வேட்டி கட்டி எங்காவது கிளம்பினால், என் மனைவி கதவுப் பக்கம் நின்று, "திரும்புங்க" என்பாள். திரும்புவேன். "ஒண்ணும் இல்ல, போலாம்" என்பாள்.

உடனே உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வரும்:

"இல்லியா? இர்றா, அண்டாவ சொரண்டறேன்."